கோல் கணக்கால் அளக்கப்பட்ட பயிற்றுநர்: கே. ராஜகோபால் மீதான தீர்ப்புக்கு ஒரு மறுப்பு

காற்பந்துப் பயிற்றுநர் ஒருவரின் திறனை அவர் ஈட்டிய ஆட்ட முடிவுகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதும், வேறெந்த அளவுகோலும் தோற்றவருக்குச் சொல்லப்படும் சாக்கு மட்டுமே என்பதும் மலேசிய ரசிகர்களிடையே ஏறத்தாழ மறுபேச்சின்றி நிலவும் கருத்துகளாகும். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் வரிசையாக நிற்கும் வாழையிலை உணவகங்களிலிருந்து கிள்ளானின் ஒட்டுக்கடைகள் வரை தேசியக் குழுவைப் பற்றி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த அடிப்படையின் மீதே நிற்கின்றன. 2009 முதல் 2013 வரை தேசியக் குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்த கே. ராஜகோபாலைப் பற்றிய பேச்சில் இக்கருத்து ஒன்றுக்கொன்று முரணான இரு வடிவங்களை எடுக்கிறது. 2010இல் அவர் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றதால் அவர் எடுத்த தீர்மானங்கள் அனைத்தும் சரியே என்பது ஒரு வடிவம்; 2011இலும் 2012இலும் தோற்றதால் அவர் அடிப்படையில் அஞ்சி ஆடவைக்கும் பயிற்றுநர் என்பதும், முந்தைய வெற்றி எதிரணியின் தவறாலும் நற்பேற்றாலும் வாய்த்தது என்பதும் மற்றொரு வடிவம். இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள். ஒரு தீர்மானம் எடுக்கப்பட்ட நேரத்தில் பயிற்றுநருக்குத் தெரிந்திருந்தவை எவை, அவர் முன் இருந்த வழிகள் எவை, ஒவ்வொரு வழிக்கும் இருந்த வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விகளைக் கேட்காமலே இறுதிக் கோல் கணக்கிலிருந்து பின்னோக்கி நடந்து தீர்ப்பு எழுதுவதே அந்தப் பிழை.

ராஜகோபால் பொறுப்பேற்ற சூழலை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 2007இல் ஆசியக் கிண்ணத்தை இணைந்து ஏற்று நடத்திய நாடுகளில் ஒன்றான மலேசியா, சொந்த ரசிகர்கள் முன்னிலையில் சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2 எனத் தோற்று, மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது. 2009 டிசம்பரில் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில், அதாவது தென்கிழக்காசிய நாடுகளுக்கிடையிலான பல்துறை விளையாட்டு விழாவில், ராஜகோபாலின் இளையோர் குழு இருபது ஆண்டுகளுக்குப் பின் காற்பந்துத் தங்கத்தை வென்றது. அந்தப் போட்டியின் பிரிவுச் சுற்றில் வியட்நாமிடம் 1–3 எனத் தோற்ற அதே குழு இறுதியாட்டத்தில் அதே வியட்நாமை 1–0 என வீழ்த்தியது. அந்த ஒற்றைக் கோல் வியட்நாம் ஆட்டக்காரர் ஒருவர் தம் வலைக்குள்ளேயே செலுத்தியது என்பதால் வெற்றியை நற்பேறு என்று ஒதுக்குவோர் உண்டு. கோல் விழுந்த விதத்தில் நற்பேறு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில நாள்களுக்கு முன் மூன்று கோல்களை அடித்த எதிரணிக்கு இறுதியாட்டத்தில் ஒரு கோலும் கிடைக்கவில்லை என்பதை அந்த நற்பேறு விளக்காது.

2010 டிசம்பரில் சுசூக்கி கிண்ணம் என்ற பெயரில் நடந்த தென்கிழக்காசியக் கிண்ணப் போட்டியே விவாதத்தின் மையம். டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1–5 எனத் தோற்றுத் தொடங்கிய மலேசியா, 4ஆம் நாள் தாய்லாந்துடன் 0–0 எனச் சமநிலை கண்டது. இந்த 0–0 அச்சத்தின் அடையாளம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அன்றைய புள்ளிப் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர் அப்படிச் சொல்லமாட்டார். தாய்லாந்து முதல் ஆட்டத்தில் லாவோசுடன் 2–2 எனச் சமநிலை கண்டு ஒரு புள்ளியோடு வந்திருந்தது. மலேசியாவிடம் புள்ளி எதுவும் இல்லை, கோல் வித்தியாசமோ நான்கு கோல் பற்றாக்குறை. அரையிறுதிக்குப் பிரிவிலிருந்து இரு குழுக்களே செல்ல முடியும். கடைசி நாளான 7ஆம் தேதி மலேசியா பிரிவின் மிகப் பலவீனமான குழுவான லாவோசையும், தாய்லாந்து பிரிவின் மிக வலிமையான குழுவான இந்தோனேசியாவையும் சந்திக்க வேண்டும் என்பது அட்டவணையில் முன்பே எழுதப்பட்டிருந்தது. தாய்லாந்திடம் தோற்றால் தகுதிக்கான வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். சமநிலை கண்டாலோ கடைசி நாள் ஆட்டங்களின் அமைப்பே மலேசியாவுக்குச் சாதகமாக வேலை செய்யும். வெற்றிக்காகக் கதவுகளைத் திறந்துவிட்டு ஆடுவது அந்த நிலையில் வீரம் ஆகாது. தன்னிடம் இருந்த சாதகத்தைத் தானே எதிரணியிடம் ஒப்படைப்பதாகும். மலேசியா லாவோசை 5–1 என வென்றது, தாய்லாந்து இந்தோனேசியாவிடம் தோற்றது. அவ்வாறு நடந்ததால் 0–0 சரியாகிவிடவில்லை என்பதையும் இங்கே வலியுறுத்த வேண்டும். தாய்லாந்து கடைசி நாளில் எதிர்பாராமல் வென்றிருந்தாலும், 4ஆம் தேதி மாலையில் அந்தச் சமநிலையின் மதிப்பு மாறியிருக்காது.

இங்கு விளைவுகளின் சிதறல் என்ற கருத்தை விளக்குவது தேவையாகிறது. பயிற்றுநர் முன் உள்ள இரு வழிகள் சராசரியில் ஒரே அளவு பயன் தருபவை என்றாலும், ஒன்றில் விளைவுகள் சராசரியைச் சுற்றியே நெருக்கமாக அமையும். மற்றொன்றில் பெரும் இலாபத்துக்கும் பெரும் நட்டத்துக்கும் இடையே அகலமாகச் சிதறும். முன்னிலையில் இருப்பவருக்குச் சிதறல் குறைவான வழி நன்மை தரும், ஏனெனில் எதுவும் பெரிதாக நிகழாமல் நேரம் கழிவதே அவருக்கு வெற்றி. பின்தங்கியவருக்கோ சிதறல் மிகுந்த வழியே ஏற்றது, ஏனெனில் வழக்கமான விளைவு அவருக்குத் தோல்வி. இதிலிருந்து ஓர் எளிய முடிவு பிறக்கிறது: துணிவு, அச்சம் என்பவை ஆட்டமுறையின் நிலையான குணங்கள் அல்ல, ஒரே பயிற்றுநர் ஒரு வாரத்தில் முன்னேறித் தாக்கச் சொல்வதும் அடுத்த வாரத்தில் பின்வாங்கிக் காக்கச் சொல்வதும் ஒரே பகுத்தறிவின் செயல்களாக இருக்கக்கூடும்.

அரையிறுதியிலும் இறுதியிலும் கடைப்பிடிக்கப்பட்டது இரு ஆட்ட முறை. சொந்தத் திடலில் ஒன்று, எதிரணியின் திடலில் ஒன்று என இரு ஆட்டங்களை ஆடி, இரண்டிலும் விழுந்த கோல்களைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிப்பார்கள். நடப்பு வெற்றியாளரான வியட்நாமை மலேசியா டிசம்பர் 15ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் 2–0 என வென்று, மூன்று நாள்களுக்குப் பின் ஹனோயில் 0–0 எனத் தடுத்து நிறுத்தியது. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் 26ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் நடந்தது. இரண்டாம் பாதியில் சஃபீ சாலி இரண்டும் அஷாரி சம்சுடின் ஒன்றுமாக அடித்த கோல்களால் மலேசியா 3–0 என வென்றது. 29ஆம் நாள் ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் 4–2 எனக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. பிரதமர் நஜிப் ரசாக் டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், அக்டோபர் 27ஆம் நாள், இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்திருந்தனர். அந்த ஆண்டின் இறுதியில் அப்பகுதித் தமிழர்களுக்குத் தங்கள் இனத்தைச் சேர்ந்த பயிற்றுநர் ஒருவரின் வெற்றியும் சேர்ந்துகொண்டது என்பதால், அவரைப் பற்றிய தீர்ப்பு அங்கே வெறும் விளையாட்டுக் கருத்தாக என்றும் இருந்ததில்லை.

வெளியேற்றுச் சுற்றின் நான்கு ஆட்டங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் சொந்தத் திடலில் ஐந்து கோல்கள், வெளியே ஒரு கோல் என்ற வடிவம் தெளிவாகத் தெரிகிறது. தன்னை 5–1 என நொறுக்கிய குழுவைச் சந்திக்கும் பயிற்றுநர் அஞ்சுபவராக இருந்திருந்தால், முதல் ஆட்டத்திலேயே கோட்டைக் கதவை அடைத்திருப்பார். ராஜகோபாலின் குழு தாக்க வேண்டிய இடத்தில் தாக்கி, பெற்ற முன்னிலையைக் காக்க வேண்டிய இடத்தில் காத்தது. ஹனோயின் 0–0ஐ மட்டும் தனியே பிடுங்கி எடுத்து அவரை அஞ்சியவர் என்று அழைப்பது, ஒரே திட்டத்தின் இரண்டாம் பாதியை முதல் பாதியின்றிப் படிப்பதாகும்.

நற்பேற்று வாதத்தின் மிக வலுவான ஆதாரம் ஜகார்த்தா இறுதியாட்டத்தின் 18ஆம் நிமிடம். இந்தோனேசியக் குழுத் தலைவர் ஃபிர்மான் உத்தினா அடித்த பினால்டியை, அதாவது கோல்காவலர் மட்டுமே எதிர்நிற்க ஏறத்தாழ பதினொரு மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கும் தண்ட உதையை, கைருல் ஃபாஹ்மி சே மாட் தடுத்தார். உயர்நிலை ஆட்டங்களில் நான்கு பினால்டிகளில் ஏறத்தாழ மூன்று கோலாகின்றன என்பதால், அந்தத் தடுப்பு பயிற்றுநரின் சாதனை அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், அந்தப் பினால்டி உள்ளே சென்று மற்றவை அனைத்தும் நடந்தபடியே நடந்திருந்தால் மொத்தக் கணக்கு 4–3 என்றாகியிருக்கும். அப்போதும் கிண்ணம் மலேசியாவுக்கே. ஒரு கோல் ஆட்டத்தின் போக்கையே மாற்றும் என்பதால் இது உறுதியான நிறுவல் ஆகாது என்பது உண்மை. ஆனால் நற்பேற்று வாதம் வேண்டுவதும் அதே வகையான ஊகத்தைத்தான். இரண்டில் நடந்த நிகழ்வுகளுக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் விடை ஐயத்துக்கிடமற்றது. முன்னிலை என்பது இத்தகைய ஒரு நிமிடத்தைத் தாங்குவதற்காகவே ஈட்டப்படுவது. புக்கிட் ஜாலில் ஆட்டத்தில் பார்வையாளர் சிலர் லேசர் ஒளியைப் பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றது வெட்கத்துக்குரிய செயல். அதை எவரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அதுவே மூன்று கோல்களையும் அடித்தது என்பதற்கு இதுவரை எவரும் சான்று காட்டியதில்லை.

விளைவைக் கொண்டு தீர்மானத்தை அளக்கும் பழக்கம் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் அது இன்னும் கூர்மையாகத் தென்படுகிறது. கையால் பந்தை ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில், பந்தை வைத்திருக்கும் குழுவுக்குப் பத்துக் கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் தரப்படும். மூன்று முயற்சிகளுக்குப் பின் ஒரு கெஜமே எஞ்சியிருக்கும்போது, நான்காவதிலும் முட்டிமோதி அந்த ஒரு கெஜத்தைப் பெற முயல்வதா, பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பதா என்பதே அங்குள்ள பயிற்றுநர்களின் நிலையான தலைவலி. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களின் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்றுநர்கள் வெற்றி வாய்ப்பைக் கூட்டும் அளவைவிட மிகக் குறைவாகவே நான்காவது முயற்சியில் முன்னேறத் துணிகிறார்கள் என்று காட்டியது. உதைத்துவிட்டுத் தோற்பவரை யாரும் தனியாகப் பழிப்பதில்லை. துணிந்து தோற்பவரின் பெயரோ மறுநாள் செய்தித்தாளில் வரும். பழியின் அச்சமே தீர்மானத்தை எழுதுகிறது என்று கருத இது இடமளிக்கிறது.

அதே நாட்டின் இரு கல்லூரி ஆட்டங்கள் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. 1966 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட் குழுவுக்கு எதிராக 10–10 என இருந்த நிலையில், நோட்டர் டேம் பயிற்றுநர் ஆரா பர்சீகியன் கடைசி நிமிடத்தில் ஆபத்தான எறிதல்களைத் தவிர்த்து நேரத்தைக் கழியவிட்டுச் சமநிலையோடு திரும்பினார். அடுத்த ஆட்டத்தில் 51–0 என வென்று அவரது குழு அவ்வாண்டின் தேசிய வெற்றியாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் கோழை என்ற பழி அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. 1984 ஜனவரி 2ஆம் நாள் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவின் டாம் ஆஸ்பர்ன், ஓர் எளிய உதையால் 31–31 எனச் சமன்செய்ய முடிந்திருந்தும், கோல் கோட்டுக்கு மூன்று கெஜத் தொலைவிலிருந்து இரண்டு புள்ளிக்காக முயன்று தோற்று, 30–31 என்ற கணக்கில் தேசிய வெற்றியாளர் பட்டத்தையும் இழந்தார். அவரை நாடு கொண்டாடியது. ஒருவர் வென்றும் இகழப்பட்டார், ஒருவர் தோற்றும் புகழப்பட்டார் என்பதிலிருந்து, ரசிகர் மன்றத்தின் உண்மையான அளவுகோல் ஆட்ட முடிவுகூட அன்று, துணிவின் தோற்றமே என்பது புலப்படுகிறது. மலேசிய விவாதத்தில் இந்த இரண்டும் மாறிமாறிப் பயன்படுகின்றன: வெற்றி பெற்றவரைத் தாழ்த்த வேண்டுமானால் அச்சம் என்பார்கள், துணிந்தவரைத் தாழ்த்த வேண்டுமானால் கோல் கணக்கை எடுப்பார்கள்.

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. 286 பினால்டிகளை ஆராய்ந்த அவர்கள், கோல்காவலர்கள் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவான தடவைகளே நடுவில் நிலைத்து நிற்கிறார்கள் என்றும், நடுவில் நிற்பதே தடுக்கும் வாய்ப்பை உயர்த்தியிருக்கும் என்றும் கண்டனர். அசையாமல் நின்று கோல் விட்டவர் எதுவும் செய்யாதவராகத் தோன்றுவார் என்பதே அவர்கள் தந்த விளக்கம். ஹனோயில் முன்னிலையைக் காத்த குழுவைப் பார்த்து எதுவும் செய்யாத குழு என்று சொன்னவர்களின் கண்ணும் அதே பிழைக்கு ஆளானதுதான்.

இனி, தோல்விகளைக் கொண்டு ராஜகோபாலை அளப்போரின் வாதம். 2014 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் 2011 ஜூலை 23ஆம் நாள் சிங்கப்பூரில் மலேசியா 3–5 எனத் தோற்று, 28ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் 1–1 எனச் சமநிலை கண்டு வெளியேறியது. இவ்விரண்டும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுத் தோல்வி என்று பெயரிடப்படுகின்றன. ஆனால் அவை எதிரெதிரான தன்மை கொண்டவை. சிங்கப்பூர் ஆட்டத்தில் மலேசியா தொடக்கத்திலேயே கோல் அடித்து முன்னிலை பெற்றது. எதிரணியின் திடலில், இன்னும் ஓர் ஆட்டம் கையிருப்பில் இருக்கும்போது, முன்னிலை பெற்ற குழு ஐந்து கோல்களை விட்டுக்கொடுத்தது தற்காப்பு அமைப்பின் குறையே, அதற்குப் பயிற்றுநர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். இங்கே ராஜகோபால் மீதான கண்டனம் நியாயமானது. சொல்லப்போனால், அவரை அஞ்சுபவர் என்று அழைத்தவர்கள் கண்டித்திருக்க வேண்டிய ஆட்டம் இதுதான், ஆனால் எதிர்த்திசையில்: அன்று தேவைப்பட்ட எச்சரிக்கை போதவில்லை.

புக்கிட் ஜாலில் ஆட்டத்தின் கணக்கு வேறு. மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணியின் திடலில் அதிகக் கோல் அடித்த குழு முன்னேறும் என்ற விதி அப்போது நடைமுறையில் இருந்தது. அதே விதியின் துணையோடுதான் மலேசியா முந்தைய சுற்றில் சீனத் தைப்பேயைக் கடந்திருந்தது. அதனால் சிங்கப்பூரை 2–0 என வென்றாலே போதும் என்ற நிலை. இரண்டாம் பாதியில் சஃபீ ஒரு கோல் அடித்ததும் தேவை ஒரே ஒரு கோலாகக் குறைந்தது. ஒரு கோல் வேண்டிய குழு ஆள்களை முன்னேற்றித்தான் ஆக வேண்டும். முன்னேற்றினால் பின்னால் இடம் திறக்கும். திறந்த இடத்தில் எதிரணி அடித்தால் எல்லாம் முடிந்துவிடும். சிங்கப்பூர் அடித்தது. ஆனால் 1–0 என்ற கணக்கில் அடங்கி இருந்து ஆட்டத்தை முடித்திருந்தாலும் மலேசியா வெளியேறித்தான் இருக்கும். ஆகவே அந்த ஆபத்தை ஏற்றதைப் பிழை என்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. 2012 சுசூக்கி கிண்ண அரையிறுதியில் தாய்லாந்திடம் 1–1, 0–2 எனத் தோற்றதைப் பொறுத்தவரை, தெளிவாக வலிமையில் மேலோங்கிய குழு வென்றது என்பதற்கு மேல் பெரிய பாடம் எதுவும் அதில் இல்லை.

பயிற்றுநர் ஊதியம் பெறுவது வெற்றிக்காகத்தான், ஆகவே வெற்றியே இறுதி அளவு என்பது எதிர்த்தரப்பின் கடைசி அரண். நீண்ட காலத்தை எடுத்துக்கொண்டால் இதில் பாதி உண்மை உண்டு: நூறு ஆட்டங்களில் நல்ல தீர்மானங்கள் நல்ல முடிவுகளாகத் திரளும். தேசியக் குழுவின் பயிற்றுநருக்கோ நூறு ஆட்டங்கள் கிடைப்பதில்லை. அவரது பெயரைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள் ஆண்டுக்கு நான்கோ ஆறோதான். ஒரு பினால்டியும் ஒரு தற்செயல் கோலும் அத்தனை சிறிய எண்ணிக்கையில் கணக்கையே புரட்டிவிடும். சிறிய எண்ணிக்கையில் முடிவைக் கொண்டு திறனை அளப்பவர் உண்மையில் அளப்பது தற்செயலைத்தான்.

தமிழர் என்பதாலேயே அவர் கைவிடப்பட்டார் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாரார் மனத்தாங்கலோடு சொல்வதுண்டு. அந்த மனத்தாங்கல் எங்கிருந்து எழுகிறது என்பது புரிந்துகொள்ளத்தக்கது. அதனை இகழ்வது தவறு. ஆனால் 2007 ஆசியக் கிண்ணத் தோல்விகளுக்குப் பின் நோரிசான் பக்காரும், ராஜகோபாலுக்குப் பின் 2014இல் பொறுப்பேற்று, ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0–10 எனத் தோற்ற 2015 செப்டம்பரில் விலகிய டோலா சாலேயும் இதே அளவுகோலால்தான் அளக்கப்பட்டனர். கோல் கணக்கு என்ற அளவுகோல் எல்லா இனத்துப் பயிற்றுநரையும் ஒரே மாதிரி வெட்டியது. ராஜகோபாலுக்கு நியாயம் கோருவோர் அவரது பிறப்பை முன்வைப்பதைவிட, 2010 டிசம்பர் 4ஆம் நாளின் புள்ளிப் பட்டியலை முன்வைப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

டோலா சாலேயின் காலத்திலேயே இந்த விவாதத்துக்கு மிக நெருக்கமான ஆட்டம் ஒன்று நடந்தது. 2014 சுசூக்கி கிண்ண இறுதியின் முதல் ஆட்டத்தில் பாங்காக்கில் 0–2 எனத் தோற்ற மலேசியா, டிசம்பர் 20ஆம் நாள் புக்கிட் ஜாலிலில் சஃபிக் ரஹிமின் இரு கோல்களாலும் இந்திரா புத்ராவின் ஒரு கோலாலும் 3–0 என்று உயர்ந்து, மொத்தக் கணக்கில் 3–2 என முன்னிலை பெற்றது. மூன்றாவது கோல் விழுந்தபோது 58 நிமிடங்கள் ஆகியிருந்தன. 82ஆம் நிமிடத்திலும் 87ஆம் நிமிடத்திலும் தாய்லாந்து அடித்த இரு கோல்களால் கிண்ணம் கைநழுவியது. அந்தத் தோல்வியைக் கொண்டு டோலா சாலேயைத் தண்டிப்பதும் இங்கு மறுக்கப்பட்ட அதே பிழைதான். கேட்க வேண்டியவை வேறு: 58ஆம் நிமிடத்துக்குப் பின் நான்காவது கோலைத் தேடி ஆள்கள் முன்னேறினார்களா, பந்தைக் காக்க நடுத்திடலில் ஆள் சேர்க்கப்பட்டதா, மாற்று ஆட்டக்காரர்கள் எந்த நிமிடத்தில் எந்த வேலைக்காக இறக்கப்பட்டார்கள், முன்னிலை ஒரே ஒரு கோல் என்ற நிலையில் சிதறல் குறைந்த ஆட்டம் எத்தனை நிமிடங்கள் ஆடப்பட்டது. ஹனோயின் தொண்ணூறு நிமிடங்களை அச்சம் என்று ஒதுக்கியவர்களால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது, ஏனெனில் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் இருந்த ஒரே நல்ல எடுத்துக்காட்டை அவர்கள் முன்பே புறந்தள்ளிவிட்டார்கள்.